சாம்பிள் அக்கா

அவருடைய பேரைக் கேட்டால் கடைத்தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. "சாம்பிள் அக்கா கடை" என்று கேட்டால் லாரி ஓட்டுகிறவர், டிராக்டர் ஓட்டுகிறவர், போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் ஆள் கொண்டுபோகிறவர் எல்லோரும் கையைக் காட்டுவார்கள். தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய அண்ணன் வைத்திருந்த வண்டி ஸ்பேர்ஸ் கடை அது. அண்ணன் உள்ளே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அக்கா கவுன்டரில் நிற்பார். வெளிர் நிறத்தில் கஞ்சி போட்ட காட்டன் சேலை, காதுக்குப் பின்னால் செருகிய பென்சில், ஐம்பது வயது. அவர் போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிவிட்டது. இன்னமும் யாராவது என்னிடம் வந்து "அவ அப்படியாம், இவன் இப்படியாம்" என்று ஆரம்பித்தால், கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று அக்கா என்னையே பார்ப்பது போல இருக்கிறது.

கடைக்கு வருகிறவர்களை "வாங்க" என்று அவர் கூப்பிட்டதில்லை. முதல் பேச்சே "சாம்பிள் கொண்டாந்தீகளா?" என்பதுதான். சாம்பிள் என்றால் தேய்ந்துபோன பழைய சாமான். அதைக் கழற்றிக்கொண்டு வந்து காட்டினால் அதே அளவில் புதுசு எடுத்துத் தருவார்கள். எல்லாக் கடையிலும் கேட்கிற கேள்விதான். ஆனால் மற்ற கடைகளில் கொஞ்சம் சத்தம் போட்டால் இறங்கி வருவார்கள். அக்காவிடம் அது நடக்காது.

ஒருமுறை வருசநாட்டிலிருந்து வந்த ஒருவர் கையை விரித்து மடக்கி, ஒரு பேரிங்கின் அளவைக் காற்றிலேயே காட்டினார். அக்கா அசையவில்லை.

"இருவது வருசமா இதே வண்டியத்தேன் ஓட்டுறேன். நான் சொல்றேன்ல, எடுத்துக் குடுக்கா."

"வண்டி ஓட்டுறீக, சரி. அந்தப் பேரிங்க என்னைக்காவது கண்ணால பாத்தீகளா?"

மனுஷன் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு அத்தனை தூரம் பஸ்ஸில் திரும்பிப் போனார். மறுநாள் துண்டில் முடிந்து பழைய பேரிங்கைக் கொண்டுவந்தார். முந்தின நாள் சத்தியம் பண்ணிச் சொன்ன அளவைவிட அது ஒரு சைஸ் சின்னது. அக்கா சிரிக்கவில்லை. டீ வாங்கிவரச் சொன்னார். அந்த மனுஷன் அன்று அந்தக் கடையில் நின்று டீ குடித்த அழகை நான் பார்த்தேன். கசாயம் குடிப்பவர்கூட அத்தனை கஷ்டப்பட மாட்டார்.

எங்களுக்குக் கம்பம் பக்கத்தில் திராட்சைத் தோட்டம். அப்பாவுக்கு முழங்கால் போனபிறகு பிக்கப்பை நான்தான் ஓட்டினேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு. பாவாடை கட்டிய கரடியைப் பார்ப்பது போல மார்க்கெட்டில் என்னைப் பார்ப்பார்கள். "பொம்பளப் புள்ள லோடு அடிக்குதே" என்று என் காதுபடவே சொல்வார்கள். அக்கா முதல் நாள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "கிளட்ச் ரொம்பக் கடினமா இருக்கோ? இடது கால நொண்டுற."

அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

எதையும் பார்த்தால்தான் நம்புவார். காய்ச்சல் என்று சொன்னால் "அப்படியா" என்று சொல்லிவிட்டு விட மாட்டார். கவுன்டரைச் சுற்றி வந்து நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்த பிறகுதான், "ஆமா, கொதிக்குது. எதுக்குப் புள்ள வந்த?" என்று திட்டுவார். கம்பம் மெட்டில் கலவரம், கேரள எல்லையில் வண்டியைக் கொளுத்துகிறார்கள் என்று ஒரு நாள் மத்தியானம் பஜார் முழுக்கப் பேச்சு. வரிசையாக ஷட்டர்கள் இறங்கின. அக்கா அங்கேயே நின்றார். ஓடிவந்து சொன்ன பக்கத்துக் கடைக்காரரிடம், "யாரு பாத்தது?" என்றார். அவர் டீக்கடைக்காரரைக் காட்டினார். டீக்கடைக்காரர் ஒரு டிரைவரைக் காட்டினார். அந்த டிரைவர் அன்றைக்குப் போய் வந்ததே எதிர்ப்பக்கம் இருக்கிற ஆண்டிபட்டிக்குத்தான். அன்று அந்தச் சந்தில் திறந்திருந்த ஒரே கடை அக்கா கடைதான்.

அவருடைய அண்ணன் அவரை விடாமல் கிண்டல் பண்ணுவார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் அக்கா. "எந்தங்கச்சி சாமிகிட்டயும் சாம்பிள் கேக்குமோ என்னமோ" என்பார் அண்ணன். அக்கா தகடுகளை அடுக்கிக்கொண்டே, "அதுக்குத்தேன் வாராவாரம் போறேன். என்னைக்காவது காட்டாமலா போயிருவாக" என்பார்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று அவர் சொன்னதில்லை. என் அம்மாதான் சொன்னாள். அக்காவுக்கு இருபத்திரண்டு வயதில் கல்யாணம் நிச்சயமாகிப் பத்திரிகைகூட அடித்தாகிவிட்டதாம். பெண்ணுக்கு வலிப்பு வரும் என்று யாரோ மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். வலிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வீட்டிலிருந்து ஒருத்தர்கூட நேரில் வந்து பார்க்கவில்லை. ஆள் மூலம் சொல்லியனுப்பி முடித்துக்கொண்டார்கள். அதோடு சரி, அக்கா வேறு கல்யாணப் பேச்சை எடுக்கவே விடவில்லை. இதைக் கேட்ட நாளிலிருந்து, "யாரு பாத்தது?" என்று அவர் கேட்கிறபோதெல்லாம் அடித்துவைத்த அந்தப் பத்திரிகைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

இனி எங்கள் பிக்கப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பழைய காலத்து வண்டி. மூக்கு நீண்டு, பின்னால் மரத்தொட்டி. அப்பா அதைப் போடியில் ஒருவரிடம் வாங்கியபோது எனக்கு எட்டு வயது. தோட்டத்தில் சம்பாதித்து முதன்முதலாக வாங்கிய பொருள் என்பதால் அப்பாவுக்கு அது எங்களுக்குக் கூடப்பிறந்த பிள்ளை மாதிரி. ஒன்பது வருடம் கழித்து, ஒரு ஏலக்காய் சீசனுக்கு அதைத் தன் தம்பியிடம் ஓட்டக் கொடுத்தார். சித்தப்பா அப்போது தோட்டம் துரவு இல்லாமல் கஷ்டத்தில் இருந்தார். சீசன் முடிந்து வண்டி திரும்பி வந்தபோது ஒரே புகை. அதே மாதம் ஏதோ ஒரு காகிதத்துக்காக எஞ்சின் நம்பரைப் பென்சில் பிரின்ட் எடுத்து வரச் சொன்னார்கள். நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பதுதான் பென்சில் பிரின்ட். பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துப் பார்த்தால், ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற நம்பர் வேறு, எஞ்சினில் இருக்கிற நம்பர் வேறு.

அப்பா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. வீரபாண்டித் திருவிழாவுக்குச் சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்த இடத்தில், "கம்பெனி எஞ்சின வித்துத் தின்னுட்டு எவன் வண்டி எஞ்சினையோ வச்சுக் குடுத்துட்டான் திருட்டுப் பய" என்று சொல்லிவிட்டார். சித்தப்பா, "நான் தொடலண்ணே" என்று ஒரே ஒருமுறை சொன்னார். பிறகு சித்தியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருசநாட்டுப் பக்கம் சித்தி ஊருக்குப் போய்விட்டார். அதன்பின் பதினோரு வருடம் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. சித்தப்பா மகள் சடங்குக்கு நாங்கள் போகவில்லை. எங்கள் அப்பத்தா செத்ததற்கு அவர் வந்து, கொள்ளிக்குடம் உடைத்த கையோடு, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் போனார். அம்மா அன்றைக்கு அழுதது அப்பத்தாவுக்காக மட்டும் இல்லை.

அந்த எஞ்சின்தான் ஒரு கோடையில் தேனி மார்க்கெட் வாசலில் என்னைக் கைவிட்டது. சூடேறி, ஹெட் கேஸ்கெட் கருகிவிட்டது. எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்ப்பாகமான பிளாக்குக்கும் நடுவில் வைக்கிற தகடு அது. பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போய் ஹெட்டைக் கழற்றியாகிவிட்டது. இது என்ன எஞ்சின் என்றுதான் ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஒரு மெக்கானிக் டிராக்டர் எஞ்சின் என்றார். இன்னொருவர் கொச்சியிலிருந்து வந்த படகு எஞ்சின் என்று அடித்துச் சொன்னார். மூன்றாமவர் அரவை மில்லில் ஓடியதாக இருக்கும் என்றார். மூன்று கேஸ்கெட் வாங்கினேன், மூன்றும் பொருந்தவில்லை. கருகிய பழைய தகட்டை அள்ளிக்கொண்டு போய் அக்கா முன்னால் போட்டேன். அது அப்பளம் போல நொறுங்கிக் கிடந்தது.

அக்கா அதைக் கிளறிப் பார்த்தார். "இதுல ஒண்ணும் தெரியாது. வண்டி எங்கன நிக்குது?"

கவுன்டரை அண்ணனிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார். பையில் ஒரு டார்ச், முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடி, பிளேடு, ஒரு கட்டு வேஸ்ட் துணி. ஒர்க்‌ஷாப்பில் அப்பா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்து, "வா தாயி. எல்லாம் என் தம்பி பண்ணுன வேலை. திருட்டு எஞ்சின், அதுக்கு எங்கிட்டுப் போயி சாமான் தேட" என்றார்.

அக்கா பிளாக்கின் மேல் ஒரு பெரிய வெள்ளைத் தாளை விரித்தார். கட்டை விரலால் மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டே வந்தார். எண்ணெய் ஊறி நாலு பெரிய வட்டமும் சுற்றிச் சின்ன ஓட்டைகளும் தாளில் விழுந்தன. பிறகு குனிந்து, கைக்கு எட்டாத அடிப்பக்கத்தில் கண்ணாடியைப் பிடித்து டார்ச் அடித்தார். வார்ப்பிலேயே எழுந்து நின்ற நாலைந்து எழுத்துகளைப் பென்சில் பிரின்ட் எடுத்தார். அரைமணி நேரம் ஆனது. நிமிர்ந்தபோது முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"படகும் இல்ல, மில்லும் இல்ல. முந்தி கல்யாணத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போவாகல்ல, மூஞ்சி தட்டையா ஒரு வேன், அந்த எஞ்சின். நல்ல எஞ்சின். கேஸ்கெட் எங்ககிட்ட மேல் ரேக்குலயே கெடக்கு."

நான் துள்ளாத குறை. அத்தோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் அக்கா மறுபடி குனிந்தார். எஞ்சினை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு பிடித்து நிறுத்துகிற இரும்புப் பட்டையில் டார்ச் வெளிச்சம் நின்றது.

"அண்ணாச்சி, இந்த எஞ்சின உங்க தம்பி மாத்துனதப் பாத்தீகளா?"

"பாக்கணுமாக்கும்? நம்பர் வேறயா இருந்துச்சே."

"வண்டி வாங்குறப்ப நம்பரப் பாத்தீகளா?"

அப்பா பார்க்கவில்லை. வண்டி வாங்கின சந்தோஷத்தில் மாலை போட்டுத் தேங்காய் உடைத்தவர், பானெட்டுக்குள் குனிந்து நம்பரை எங்கே பார்த்தார். பெயின்ட்டுக்கு அடியில் கிடந்த நம்பரை அந்த ஒன்பது வருடமும் யாரும் கேட்கவும் இல்லை.

"வாங்குறப்ப வண்டி என்ன கலர்?"

"பச்சை. எங்க வீட்டுல நீலம் வேணும்னா. வாங்குன மாசமே நீலமாக்கிட்டேன். அப்பறம் எப்பவும் நீலந்தான்."

அக்கா பிளேடை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். "இங்கன சுரண்டுங்க. நான் சுரண்ட மாட்டேன், நீங்களே சுரண்டுங்க."

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. வண்டியைத் தகுதிச் சான்றான எஃப்.சி.க்குக் காட்டப் போகும்போது பெயின்ட் அடிப்பார்கள் அல்லவா, வெளியே அடித்து மிச்சமாகிற பெயின்ட்டை வீணாக்க மனசில்லாமல் எஞ்சின், சேஸிஸ், போல்ட், நட்டு என்று கண்ட இடத்திலும் பூசிவிடுவார்கள். நம்பர் மறையுமே என்று யாரும் நினைக்க மாட்டார்கள். எங்கள் வண்டிக்கும் அப்படித்தான் வருடா வருடம் பூசினோம்.

அப்பா முழங்கால் வலியோடு குனிந்து சுரண்டினார். நீலம் வந்தது. அதற்கடியில் இன்னொரு நீலம், இன்னும் வெளிறிய நீலம். அதற்கும் அடியில் பச்சை. எஞ்சினின் காலிலும் பச்சை, அதைப் பிடித்த பட்டையிலும் பச்சை, பட்டையைச் சேஸிஸோடு பற்றவைத்த தழும்பின் மேலும் பச்சை. ஒரே பூச்சாக ஓடியது.

"எஞ்சினு வேற எந்தப் பச்சை வண்டியில இருந்தாவது வந்திருக்கலாம்ல?" அப்பாவின் குரல் இறங்கிவிட்டது.

"வேற எஞ்சின் உக்காரணும்னு புதுசாப் பத்தவச்ச பட்டை இது. வெல்டிங் வச்சா பெயின்ட் கருகும் அண்ணாச்சி. இது கருகல. பத்தவச்ச பெறகு பூசுன பச்சை. நீங்க வாங்குறப்பவே இந்த எஞ்சின்தேன் உள்ள இருந்திருக்கு."

அப்பா பிளேடைப் பிடித்தபடி அந்தப் பச்சையைத் தடவிக்கொண்டே இருந்தார். "பதினோரு வருசம்" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "தாயி, நீயே வந்து அவன்கிட்டச் சொல்லு. நான் சொன்னா எப்படி நம்புவான்?" என்று கேட்டார்.

"நான் உங்க தம்பியப் பாத்ததே இல்லையே. நீங்கதான் போகணும்."

மறுநாள் காலை அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தனியாக வருசநாட்டுக்குப் பஸ் ஏறினார். சாயங்காலம் திரும்பி வந்து, "பேசிட்டேன். எல்லாம் சரியாப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். அம்மா சாமி படத்துக்குச் சூடம் காட்டினாள். நான் அடுத்த நாள் கேஸ்கெட் வாங்கப் போனவள் கடை வாசலிலிருந்தே கத்தினேன். "அக்கா, ராசியாயிட்டாக!"

"யாரு சொன்னது?"

"அப்பாதேன் சொன்னாக."

"நீ பாத்தியா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெற்ற அப்பாவுக்குமா சாம்பிள் கேட்பார்கள்? அக்கா கேஸ்கெட்டைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். "வண்டி ஓடுனதும் ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வா" என்றார்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் அந்தக் கேள்வி கூடவே வந்தது. இரண்டு நாளில் வண்டி தயாரானது. வண்டியை வெள்ளோட்டம் பார்க்கிற சாக்கில் வருசநாட்டுக்கே ஓட்டினேன். சித்தப்பா தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் மம்பட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"என்ன ஆத்தா, ஆருக்கு என்ன ஆச்சு? அண்ணன் நல்லா இருக்காகளா?"

"மூணு நாளைக்கு முந்தி இங்கதான வந்தாக சித்தப்பா?"

"எங்கன? இங்கன யாரும் வரலையே."

அப்படியே வண்டியைத் திருப்பினேன். வீட்டுக்கு வந்து கேட்டபோது அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "தெருமுக்கு வரைக்கும் போனேன். டீக்கடையில மத்தியானம் மட்டும் உக்காந்திருந்தேன். கால் எந்திரிக்கல ஆத்தா." அம்மா கொடியில் கிடந்த அவருடைய சட்டையை எடுத்து நீட்டினாள். மூன்று பேரும் அப்போதே ஏறினோம்.

சித்தப்பா வீட்டு வாசலில் வண்டி நின்றபோது அவர் வெளியே வந்தார். அப்பா இறங்கினார். பேசுவதற்குப் பதிலாக, நேராகப் போய் பானெட்டைத் திறந்து, சட்டைப் பையிலிருந்த பிளேடை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். "சுரண்டிப் பாருடா. பச்சை இருக்கு. நான் வாங்குறப்பவே மாத்துன எஞ்சின்டா."

சித்தப்பா பிளேடை வாங்கவில்லை. எஞ்சின் பக்கம் திரும்பவும் இல்லை.

"நான் எடுக்கலங்கிறது எனக்குத் தெரியும்ணே. நீ வருவியாங்கிறதுதேன் தெரியாம இருந்துச்சு."

அப்பா திறந்த பானெட்டைப் பிடித்தபடி நின்றார். சித்தப்பா அவர் கையைப் பிடித்து, "உள்ள வா. வெயில்ல எம்புட்டு நேரம் நிப்ப" என்றார்.

மறுநாள் அக்காவிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டது, சித்தி மூன்றாம் தடவை சோறு போட்டது, கிளம்பும்போது சித்தப்பா ஒரு கூடை தக்காளியை வண்டியில் ஏற்றியது, எல்லாம் கண்ணால் பார்த்தது. அக்கா பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் கேட்டார். கடைசியில் மெதுவாக ஒன்று கேட்டார்.

"பானெட்டுகிட்ட நின்னப்ப, உங்க அப்பா அழுதாகளா?"

"தெரியலக்கா. நான் அந்தப் பக்கம் பாக்கல. திரும்பிக்கிட்டேன்."

அக்கா கவுன்டருக்கு மேலே கையை நீட்டி என் கன்னத்தைத் தட்டினார். "நல்லதாப் போச்சு. அதெல்லாம் பாக்கக் கூடாது புள்ள."